கவரோடு புதைத்த செவ்வந்தி

எங்களில் அப்பாவை அத்தா என்போம். என் அத்தா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் இடத்தை ஷாப்பு என்றுதான் சொல்வோம். பகலெல்லாம் ஊறல் தொட்டிகளுக்கு நடுவே நின்றுவிட்டு வருகிற அவர் வாசலை மிதிப்பதற்கு முன்பே, நாற்றத்தை வைத்து அவர் வருவது எங்களுக்குத் தெரிந்துவிடும். அம்மா பின்பக்கம் வெந்நீரும் சோப்பும் எடுத்து வைத்துவிடுவாள். குளித்துத் தலை துவட்டிய துண்டோடு அவர் நேராகத் தோட்டத்துக்குத்தான் போவார். சாப்பாடு அதற்குப் பிறகுதான்.

தோட்டம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். நாகல் நகரில் எங்கள் வீட்டின் பக்கச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு மண் கிடந்தது. அவ்வளவுதான். அதில் சுவரை ஒட்டி நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி. அவற்றுக்கு முன்னால் மல்லிகைப் புதர்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே வருசா வருசம் செவ்வந்தி, அதற்குக் கரை கட்டியதுபோல ஊதா நிற டிசம்பர் பூச்செடிகள். நாளெல்லாம் அந்த நாற்றத்தில் கிடக்கிற மனிதர் கொஞ்சம் வாசனைக்கு ஏங்கித்தான் பூச்செடி வைக்கிறார் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அத்தா சிரிப்பார்.

"எனக்கு மூக்கு செத்துப் பல வருசமாச்சு. கண்ணுதான் மிச்சம்."

அந்தக் கண்ணுக்குத் தப்பி அங்கே ஓர் இலை நிறம் மாறிவிட முடியாது. மற்ற வீடுகளில் மல்லிகை ஓய்ந்தால் அந்த வருசத்துத் தோட்டமே ஓய்ந்தது என்று விட்டுவிடுவார்கள். அத்தாவுக்கு அப்போதுதான் தொடங்கும். புரட்டாசியில் மல்லிகையின் அடியிலை மஞ்சளடித்துப் புதர் சோர்ந்துவிடும். அதே நாட்களில் டிசம்பர் செடி கணுவுக்குக் கணு தடித்து நிற்கும். செவ்வந்தியின் நுனியில் பச்சையாக, மிளகு பருமனில் மொட்டுகள் தோன்றும். அதைக் காட்டுவதற்காக அடுப்பிலிருக்கிற தோசையை விட்டுவிட்டு அம்மா வரவேண்டும், வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு நான் வரவேண்டும். அம்மா எட்டிப் பார்த்து, "ஆமா, மொட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுக் கருகின தோசையிடம் திரும்பிப் போவாள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருசம் ஆடியில், ஷாப்புக்குச் சரக்கு ஏற்ற வருகிற லாரி டிரைவர் ஒருவர் அத்தாவுக்குச் செவ்வந்திக் கன்றுகள் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் பக்கம் செவ்வந்தி என்றாலே மஞ்சள்தான். இது வெள்ளை, பால் மாதிரி இருக்கும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அத்தா பழைய வேர்களையெல்லாம் பிடுங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு எதிரே முழுக்க வெள்ளையை நட்டார். நடும்போதே இரண்டு தரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா சீரகத் தண்ணீர் கொடுத்தாள்.

ஆவணி கடைசியில் அவரால் சோறு இறக்க முடியவில்லை. மதுரைக்குக் கொண்டு போனார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா அவரோடு போனாள். என்னைச் செம்பட்டியில் மாமா வீட்டில் விட்டார்கள். மாமா, அம்மாவின் தம்பி. ரெட்டியார்சத்திரத்துப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றி வரும் குட்டியானை வண்டி வைத்திருந்தார். பெரிய குரல், பெரிய சிரிப்பு. எந்தப் பிரச்சினைக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் ஒரு வழி கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்.

மதுரையில் அத்தாவின் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் அப்படியே தைத்துவிட்டார்கள். அம்மாவிடமும் மாமாவிடமும் டாக்டர் உள்ளதைச் சொன்னார். அத்தாவிடம் குடல்புண் என்றும், அறுத்து எடுத்தாகிவிட்டது, இனி தேறிவிடும் என்றும் சொல்லப்பட்டது. எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஆக அந்தச் செய்தியில் நானும் அத்தாவும் ஒரு பக்கம், அம்மாவும் மாமாவும் ஒரு பக்கம். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது.

அத்தா வீடு திரும்புவதற்கு முதல் நாள் வீட்டைத் திறந்து கூட்டி வைக்க மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பக்கவாட்டுக் கேட்டைத் தள்ளியதும் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம்.

அந்தப் புரட்டாசி வெயில் சித்திரை போல அடித்திருந்தது. தண்ணீர் ஊற்ற ஆளில்லை. போதாததற்குக் கேட்டின் கீழ்க் கம்பி பெயர்ந்த சந்தில் ஆடு வேறு புகுந்திருந்தது. நந்தியாவட்டையும் இட்லிப்பூவும் வேர் ஆழத்தில் இருந்ததால் தாக்குப்பிடித்து நின்றன. செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. டிசம்பர் செடிகள் குச்சி குச்சியாக. ஜன்னலுக்கு எதிரே செவ்வந்தி இருந்த இடத்தில் பழுப்பாகச் சில காம்புகள் மட்டும் மண்ணில் குத்தி நின்றன. தொட்டால் ஒடிந்தன.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ. வந்து படுத்ததும் மச்சான் இதயா பாக்கணும்?"

அத்தாவின் கட்டில் அந்த ஜன்னலோரம்தான் கிடந்தது. செத்த நேரம் மாமா அங்கும் இங்கும் நடந்தார். பிறகு வண்டிச் சாவியை எடுத்தார். மதியத்துக்குள் குட்டியானையின் பின்பக்கம் பூவும் மொட்டுமாக நிறைந்து வந்து நின்றது. செம்பட்டி ரோட்டில் ஒரு நர்சரியில் இருந்த பூத்த செவ்வந்தியையெல்லாம் வாரிக்கொண்டு வந்திருந்தார். அத்தனையும் தங்க மஞ்சள். வண்டி அழுக்காக வேண்டாம் என்று நர்சரிக்காரர் ஒவ்வொரு செடியையும் அதன் கறுப்புக் கவரோடு இன்னொரு பிளாஸ்டிக் பைக்குள் இறக்கி, வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டியும் கொடுத்திருந்தார். வேரை அசைத்தால் பூ கொட்டிவிடும் என்றும் எச்சரித்திருந்தார் போலிருக்கிறது. மாமா கடப்பாரையால் குழி பறித்தார். கவரும் பையுமாக ஒவ்வொன்றையும் குழிக்குள் இறக்கினார். நான் சுற்றிலும் மண் தள்ளி, பிளாஸ்டிக் விளிம்பு தெரியாமல் மூடினேன். எங்கேயாவது கறுப்பாகத் தெரிந்தால் மாமா விரல் நீட்டுவார், நான் ஓடிப் போய் ஒரு பிடி மண் போடுவேன். அதைவிட ஆனந்தமான ஒரு வேலையை அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

எல்லாம் முடிந்ததும் மாமா என் முன்னால் குந்தினார்.

"மருமகளே, இது நாம ரெண்டு பேருக்குள்ள. அத்தாகிட்ட மூச்சு விடக்கூடாது. என்ன?"

நான் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

மறுநாள் அத்தாவைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவருடைய சட்டைக்குள் யாரோ வேறு சின்ன ஆள் இருப்பதுபோல் இருந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பினார். எங்கள் வீட்டில் அவ்வளவு மஞ்சளை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவரும் கண்டிருக்க மாட்டார்.

"நான் இல்லாமயே இம்புட்டுப் பூத்துருக்கே" என்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தார். பிறகு, "வெள்ளைன்னுல்ல சொல்லிக் குடுத்தான்?" என்றார்.

மாமா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அந்த டிரைவர் உங்கள நல்லா ஏமாத்திட்டான் மச்சான். லாரிக்காரன் பேச்சையெல்லாம் நம்பலாமா?"

பாவம் அந்த டிரைவர். அவர் கொடுத்தது வெள்ளைதானா என்று கடைசிவரை யாரும் பார்க்கவில்லை. அம்மா வாசலில் பையைக்கூடக் கீழே வைக்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். அடுப்படிக்குள் போய்விட்டாள். செடி தப்பித்ததில் அவளுக்குச் சந்தோசம் இல்லையோ என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அதன் பிறகு சில வாரங்கள் எங்கள் வீட்டில் எல்லாமே பேச்சாக இருந்தது. அத்தா கட்டிலில் இருந்தபடியே வேலை ஏவுவார். செம்பருத்திக்குச் சோப்புத் தண்ணீர் தெளிக்கச் சொல்வார். டிசம்பர் செடியின் குச்சியை நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்வார். உள்ளே பச்சை தெரிந்தால், "உசிர் இருக்கு, ஊத்து" என்பார். கார்த்திகை கடைசியில் மல்லிகையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடணும், அதற்குள் நானே எழுந்து வந்துவிடுவேன் என்பார். தினமும் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்பார், புண் ஆறியிருந்தால் ஏன் வலி குறையவில்லை என்று. தையல் உள்ளே இழுக்கும், அப்படித்தான் இருக்கும் என்று அம்மா சொல்வாள். எப்போது ஷாப்புக்குப் போகலாம் என்று மாமாவைக் கேட்பார். தை பிறக்கட்டும் மச்சான், ஓடியே போயிருவீக என்று மாமா சொல்வார். பதிலைக் கேட்டுவிட்டு அவர் சிலசமயம் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மாமா உடனே செவ்வந்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

ஐப்பசி மழை தொடங்கியது. அந்த வருசம் தீபாவளிக்குத் தெருப் பிள்ளைகள் வைத்த வெடியெல்லாம் நமத்துப் போகிற அளவுக்கு விடாத மழை. தோட்டம் ஒரு வாரத்தில் முகம் மாறியது. நந்தியாவட்டை எண்ணெய் தடவியதுபோல் புது இலை விட்டது. செத்தது என்று நான் நினைத்திருந்த டிசம்பர் குச்சிகளில் பச்சை துளிர்த்தது. இட்லிப்பூ கொத்துக் கொத்தாகச் சிவந்தது. மாவுப்பூச்சி கழுவிக்கொண்டு போனது. சுவரோரத்தில் அத்தா எப்போதோ போட்டு மறந்த ஏதோ கிழங்குகூட முளைத்து ஊசி ஊசியாக நின்றது.

செவ்வந்தி மட்டும் வாடியது. முதலில் அடியிலை கறுத்தது. பிறகு பூக்கள் பழுப்பாகித் தலையைத் தொங்கவிட்டன. தண்டு கொழகொழத்தது.

"ஊரே துளிர்க்குது, இது மட்டும் ஏன் சாகுது?" என்று அத்தா கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. அம்மா, "மழை கூடிப்போச்சுங்க" என்றாள். அத்தா சமாதானமாகவில்லை. மழைக்குச் சாகிற செடி இல்லை அது, தண்ணீர் வடிகிற மேட்டில்தான் நட்டேன் என்றார். வேரில் புழு விழுந்திருக்கும், பார்க்கச் சொல் என்றார். மழையில பிள்ளைய எதுக்கு எறக்கணும் என்று அம்மா தட்டிக் கழித்தாள். மறுநாளும் கழித்தாள்.

அதற்கடுத்த நாள் மாலை அம்மா மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போயிருந்தாள். தூறல் விட்டிருந்தது. அத்தா என்னைக் கூப்பிட்டார்.

"களைக்கொத்திய எடுத்துட்டுப் போம்மா. அந்த நடுச் செடி. அடி மண்ணத் தள்ளிப் பாரு."

களைக்கொத்தியை எடுத்தேன். போனேன். செடிக்கு அந்தப் பக்கம், அவருக்கு மறைவாக உட்கார்ந்து மேல் மண்ணை மட்டும் கிளறினேன். "புழு இல்ல அத்தா" என்றேன்.

"இந்தப் பக்கம் வந்து தோண்டு. நான் பாக்கணும்."

இந்தப் பக்கம் வந்தேன். முடிந்தவரை மெதுவாகத் தோண்டினேன். அப்படியும் களைக்கொத்தியின் நுனி எதிலோ சரக்கென்று கிழித்தது. கறுப்பு பிளாஸ்டிக். கிழிசல் வழியாகக் கறுப்புத் தண்ணீர் வழிந்து வந்தது. நான் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"நாறுதா?" என்று அத்தா கேட்டார்.

"ஆமா."

"மேல தூக்கு."

தண்டைப் பிடித்து இழுத்தேன். பையோடும் கவரோடும் முழுசாக மேலே வந்தது. பைக்குள் தண்ணீர் தளும்பியது. வேர் வெளியே வர வழியில்லாமல் கவருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி அழுகிப் போயிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செடியையே பார்த்தார். பிறகு மற்ற செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாமேவா?"

நான் தலையாட்டினேன்.

"மாமாவா?"

சத்தியம் செய்திருந்ததால் நான் வாய் திறக்கவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது. கம்பியிலிருந்து கையை எடுத்து, வயிற்றில் தையல் இருந்த இடத்தில் வைத்துக்கொண்டார். வலிக்கிறதா என்று கேட்கலாமா என நினைத்தேன். அதற்குள் அவரே கேட்டார்.

"அம்மாவுக்கும் தெரியுமா?"

யார் சொல்லி அம்மாவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. "தெரியும் அத்தா" என்றேன்.

மறுபடி தூறல் விழுந்தது. என்னை உள்ளே வரச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான் நனைந்துகொண்டே நின்றேன். கடைசியில் ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"இருந்தபடியே திருப்பி வச்சிரு. மண்ண நல்லா மூடு. பாத்தேன்னு மாமாகிட்டச் சொல்லாத. அம்மாகிட்டயும் சொல்லாத. அவுக மனசு தாங்காது."

வைத்தேன். மூடினேன். கை கழுவிவிட்டு வந்து, இவருக்கும் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். என் தலையை அவர் துண்டால் துவட்டிவிட்டார். தலை காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தார். எனக்குச் சளி பிடித்துவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்தேன்.

இருட்டுவதற்கு முன் மாமா வந்தார். வழக்கம்போல வாசலிலிருந்தே குரல்.

"என்ன மச்சான், பூவெல்லாம் எப்படி?"

"நல்லாருக்கு மாப்ளே."

"மழைக்கு லேசா சொணங்கித்தான் போயிருக்கு. வெயில் அடிச்சாத் தெளிஞ்சிரும். நீங்களும் தெளிஞ்சிருவீக. தையில ஷாப்புத்தான்."

"போயிருவோம்" என்று அத்தா சிரித்தார்.

அன்றைக்கு அவர் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. வலி ஏன் குறையவில்லை என்று கேட்பது நின்றது. எப்போது ஷாப்புக்குப் போவது என்று கேட்பது நின்றது. கொடுத்த மாத்திரையைக் கொடுத்த நேரத்தில் விழுங்கினார். கஞ்சி வேண்டாம் என்று அடம்பிடிக்கவில்லை, இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்பார். "இப்பத்தான் அவருக்கு மனசு தேறியிருக்கு" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மாமா அதைச் செவ்வந்தியின் கணக்கில் எழுதிக்கொண்டார். எனக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. அத்தா என்னிடம் வேலை ஏவுவதையும் நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு அடியில் போய் நிற்பேன். "போய் விளையாடும்மா" என்பார். டிசம்பர் செடி அந்த வருசம் முதல் மொட்டு வைத்தபோது நான்தான் ஓடிப் போய்ச் சொன்னேன். "அப்படியா" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தேன்.

செவ்வந்தி முழுதாக அழுகிவிட்டது. அம்மா ஒருநாள் அவர் தூங்கும்போது தரையோடு அறுத்துப் போட்டாள். எழுந்து வெறும் மண்ணைப் பார்த்தவர், செடி எங்கே என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில் அம்மாவுக்கு எவ்வளவு ஆறுதல் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. கார்த்திகை போய்விட்டது. மல்லிகையை யாரும் வெட்டவில்லை.

மார்கழியில் ஒரு காலை நேரம் அத்தா மௌத்தாகிவிட்டார். அம்மாவும் நானும் பக்கத்தில் இருந்தோம். எங்களிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. எதைப் பற்றியும் எங்களோடு பேசிக்கொள்ள முடியாதபடி அவரை நாங்கள் தனியாக உட்காரவைத்துவிட்டோம் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அவரும் அங்கேயே உட்கார்ந்து, எங்களுக்காக எங்கள் பொய்யைக் கட்டிக் காத்துவிட்டுப் போனார். அதை இனி யாரிடம் போய்ச் சொல்வது.

அன்று மையவாடிக்குப் போய் அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பினார்கள். மாமா கால் கழுவிவிட்டு உள்ளே வந்து அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

"ஒண்ணே ஒண்ணு ஆறுதல் அக்கா. கடைசி வரைக்கும் மச்சானுக்கு எதுவுமே தெரியாது. நிம்மதியாப் போயிட்டாரு."

"ஆமாடா தம்பி" என்றாள் அம்மா. "அவருக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டோம்."

நான் அம்மாவின் மடியில் படுத்திருந்தேன். மாமா என்னைப் பார்த்தார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். இரண்டு பேருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தையும் மீறாமல் இருந்துவிட்டோம் என்று, அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் உள்ளே ஒரு சின்னப் பெருமை. அவர்கள் செவ்வந்தியைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.